ஜிடிபி பைத்தன்ல ட்ரை போட்டும் எரர் பிடிபடல, யாராவது பாருங்களேன்

அண்ணாமார் அக்காமார், ஹட்டன்ல இருந்து எழுதுறேன், காலையில இருந்து ஒரே மழை, சிக்னல் ஜன்னல் பக்கத்துல மட்டும்தான், ரிப்ளை லேட்டானா கோவிக்காதீங்க.

சி-ல எழுதின லிங்க்ட் லிஸ்ட்ட (பாயின்டரால ஒண்ணோட ஒண்ணு கோர்த்த நோடுகள்) ஜிடிபில, அதான் ப்ரோக்ராம்ல பிழை தேடுற டீபக்கர்ல, அழகா காட்டுறதுக்கு பைத்தன்ல ஒரு ப்ரிட்டி ப்ரிண்டர் (டேட்டாவ வாசிக்கிற மாதிரி காட்டுற கோட்) போட்டேன். லிஸ்ட் ஒழுங்கா இருந்தா பிரச்சினையே இல்ல. நடுவுல ஒரு கெட்ட பாயின்டர் (தப்பான மெமரி அட்ரஸ்) வந்தா மட்டும் "கேனாட் அக்சஸ் மெமரி அட் அட்ரஸ்"னு கத்திட்டு அதோட நின்னுடுது. எந்த லைன்ல உடையுதுன்னே முதல்ல தெரியல, ஏன்னா டிஃபோல்ட்டா மெசேஜ் மட்டும்தான் வரும், 'செட் பைத்தன் ப்ரிண்ட்-ஸ்டேக் ஃபுல்' குடுத்த பிறகுதான் முழு ட்ரேஸ்பேக்கும் வந்துச்சு (இத முன்னமே யாராவது சொல்லியிருந்தா ரெண்டு நாள் மிச்சம்).

சரின்னு டீரெஃபரன்ஸ் பண்ற (பாயின்டர் காட்டுற இடத்துல இருக்கிறத எடுக்கிற) லைன ட்ரைக்குள்ள வச்சு ஜிடிபி.மெமரிஎரர எக்செப்ட்ல பிடிச்சேன், பிடிபடவே இல்ல, எரர் ட்ரைக்கு வெளிய, வேல்யூவ ரிட்டர்ன் பண்ணின பிறகு வருது. அப்புறம்தான் பார்த்தேன், ஜிடிபி.வேல்யூ லேசியாம், உடனே மெமரிய வாசிக்காம தேவைப்படும்போதுதான் வாசிக்குமாம். ட்ரைக்குள்ளயே, உடனே வாசிக்க வைக்கிற ஃபெட்ச்_லேசி() கூப்பிட்டேன், இப்ப எரர் பிடிபடுது.

என் கேள்வி, ஒவ்வொரு நோடுக்கும் இப்படிக் கூப்பிடுறது சரியா, பெரிய லிஸ்ட்னா ஸ்லோ ஆகுமா? மெமரிஎரர் ஜிடிபி.எரருக்குக் கீழதான வருது, அப்ப ஜிடிபி.எரரையே பிடிச்சிடலாமா, இல்ல நான் விடுற வேற பிழையும் சேர்ந்து மறைஞ்சிடுமா? உங்க ப்ரிண்டர்ல கெட்ட நோட் வந்தா என்ன காட்டுறீங்கன்னு ஒரு துண்டு கோட் போட்டீங்கன்னா பெரிய உதவி.