டோராட்டும் சொதியும் ஒரே மேசையில்: திருமண நாள் விருந்துக்கு எந்த ஒயின்?

மல்லிகைப்பந்தல்

வணக்கம். அடுத்த சனிக்கிழமை அம்மா அப்பாவின் 40-வது திருமண நாள். பாரிசுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இரவு விருந்து வைக்கிறோம். மொத்தம் 12 பேர், ஒயின் குடிப்பவர்கள் 8 பேர். கணவரின் அப்பா அம்மா நாந்த் நகரத்திலிருந்து வருகிறார்கள். அவர்களுக்கு மீன், ஒயின் இரண்டுமே பெரிய விஷயம்.

சாப்பாடு முழுக்க மீன்தான். முழு டோராட் மீனை ஓவனில் சுட்டு, நாந்த் பக்கத்து வெண்ணெய்ச் சாறான பெர் பிளான் ஊற்றிக் கொடுக்கப் போகிறேன். கூடவே அம்மா வைக்கும் மீன் சொதி, மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்த அறுக்குளா (தமிழ்நாட்டில் வஞ்சிரம் என்பீர்கள்), சோறு. ஒயினுக்கு 100 ஈரோ ஒதுக்கியிருக்கிறேன். எதை வாங்கலாம்? சூப்பர்மார்க்கெட் போதுமா, ஒயின் கடைக்கே போக வேண்டுமா?

நாந்த்வாசி

பெர் பிளான் வைக்கிறீர்கள், சம்பந்தி வீடும் நாந்த். அப்படியென்றால் அந்த ஊர்ப் பக்கத்து வெள்ளை ஒயினான மஸ்கடே தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம், தங்கச்சி. அந்தச் சாறே சின்ன வெங்காயத்தை வினிகரிலும் மஸ்கடேயிலும் வற்றவைத்து, குளிர்ந்த வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துச் சேர்த்துச் செய்வது. சட்டியில் ஊற்றிய ஒயினே குவளையிலும் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் பார்த்து வாங்குங்கள். லேபிளில் 'மஸ்கடே செவ்ர் எ மேன்' என்றும் 'சுர் லீ' என்றும் இருக்க வேண்டும். புளித்து முடிந்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலோடு ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்த ஒயின் அது. அந்த வண்டல்தான் அதற்கு ஒரு சதைப்பிடிப்பைக் கொடுக்கிறது. 7, 8 ஈரோவுக்கே நல்லது கிடைக்கும். கொண்டாட்டம் என்பதால் ஒரு படி மேலே போய் கிளிசோன் அல்லது கோர்ஜ் பெயர் போட்டதை எடுங்கள். 2011-ல் தனி அங்கீகாரம் பெற்ற ஊர்கள் இவை, வண்டலோடு 24 மாதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. சுமார் 15 ஈரோ. மஸ்கடே என்றால் தண்ணீர் மாதிரி இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் குடித்துப் பார்க்க வேண்டும்.

புளியங்கொட்டை

அண்ணா, நீங்கள் டோராட்டுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுச் சொதியையும் மீன் பொரியலையும் விட்டுவிட்டீர்கள். மேசையில் பாதிக்கு மேல் காரமும் தேங்காய்ப்பாலும் இருக்கிறது.

மீனைப் பார்த்து ஒயின் வாங்கக் கூடாது, மீன் எதில் கிடக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். அதே டோராட் வெண்ணெயில் இருந்தால் ஒரு ஒயின், மிளகாயில் இருந்தால் வேறு ஒயின். உப்பும் எலுமிச்சையும் போல நறுக்கென்று இருக்கும் மஸ்கடேயை மிளகாய்த்தூள் பொரியலோடு குடித்தால் ஒயினின் புளிப்பு மட்டும்தான் வாயில் நிற்கும். காரத்துக்குக் கொஞ்சம் இனிப்பு வேண்டும். சொதியில் பச்சை மிளகாய், தேங்காய்ப்பால், கடைசியில் பிழியும் தேசிக்காய் (எலுமிச்சை) மூன்றும் உண்டு. இனிப்பும் புளிப்பும் சேர்ந்த ஒயின்தான் அதற்குத் தாக்குப்பிடிக்கும்.

என் தேர்வு லுவார் ஆற்றங்கரையில் தூர் நகரத்துக்குப் பக்கத்தில் விளையும் வூவ்ரே என்ற வெள்ளை ஒயின், அதிலும் 'தெமி-செக்' (பாதி இனிப்பு) என்று போட்டது. ஷெனான் பிளான் என்ற திராட்சை. இனிப்பு இருந்தாலும் புளிப்பு தூக்கலாக இருப்பதால் திகட்டாது. இல்லாவிட்டால் கிழக்குப் பிரான்சின் ஆல்சாஸ் பகுதியில் ரீஸ்லிங் திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயின். முன்பெல்லாம் ஆல்சாஸ் பாட்டிலைத் திறக்கும்வரை இனிப்பா இல்லையா என்றே தெரியாது. 2021 அறுவடையிலிருந்து இனிப்பில்லாத செக்கில் தொடங்கி இனிப்பு ஏற ஏறத் தெமி-செக், முவாலே, து என்று லேபிளிலேயே குறிக்க வேண்டும். சொதிக்குத் தெமி-செக் எடுங்கள்.

புதுவை_இரவி

40 வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களைக் கொண்டாடுகிறோம். அன்றைக்குமா சிக்கனம்? தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஷாம்பெய்ன் ஊற்றுங்கள் சகோதரி. வெள்ளைத் திராட்சையில் மட்டும் செய்த 'பிளான் தெ பிளான்' மீனோடு அருமையாகப் போகும். பொரித்த மீனின் எண்ணெய்ப் பசையைக் குமிழ் துடைத்தெடுத்துவிடும். அதற்குமேல் ஒரு சாப்லி வெள்ளை ஒயின், அதிலும் உயர்தரமான 'பிரெமியே க்ரூ'. சின்னச் சின்னச் சிப்பிகளின் புதைபடிவம் நிறைந்த சுண்ணாம்பு மண்ணில் விளைவது, கடலுணவுக்கென்றே அமைந்த ஒயின். 100 ஈரோவை 200 ஆக்குங்கள், இந்த நாள் திரும்பி வராது.

நாந்த்வாசி

சாப்லி நல்ல ஒயின், மறுக்கவில்லை. வெண்ணெய்ச் சாறோடு நன்றாகவே சேரும். ஆனால் மண்ணில் சிப்பி இருப்பதால் ஒயினில் கடல் வாசம் வருகிறது என்பதை நான் ஏற்கவில்லை. வேர் கல்லின் சுவையை உறிஞ்சிக் குவளைக்குக் கொண்டுவருவதில்லை. சாப்லியின் நறுக்கு குளிர்ந்த ஊர், அதனால் குறையாத புளிப்பு, ஓக் பீப்பாயை அதிகம் நாடாத தயாரிப்பு ஆகியவற்றால் வருவது. பிரெமியே க்ரூ 25, 30 ஈரோவுக்குக் குறைந்து கிடைப்பது அரிது. அந்த ஒரு பாட்டில் விலையில் இரண்டு கிளிசோன் வந்துவிடும். 8 பேருக்கு ஊற்ற வேண்டும், அதை மறக்காதீர்கள்.

புளியங்கொட்டை

இரவி அண்ணா, வரவேற்பு குவளைக்கு ஷாம்பெய்ன் சரி. பொரித்த மீனில் காரம் இல்லாவிட்டால் உங்களோடு நானும் நிற்பேன். ஆனால் மிளகாயும் குமிழும் சேர்ந்தால் நாக்கு இன்னும் குத்தும். சோடா குடித்துக் காரத்தை அடக்கப் பார்த்த எல்லோருக்கும் இது தெரியும்.

மதுவும் அப்படித்தான். காரத்தை நமக்குச் சூடாக உணர்த்தும் அதே நரம்பு ஏற்பியை ஒயினில் உள்ள சாராயமும் (ஆல்கஹால்) தூண்டுகிறது. வழக்கமாக 42 பாகை வெப்பத்தில் விழிக்கும் அந்த ஏற்பி, சாராயம் இருக்கும்போது 34 பாகையிலேயே விழித்துக்கொள்கிறது என்று 2002-ல் ஓர் ஆய்வு வந்தது. அதாவது நம் உடம்புச் சூட்டிலேயே எரிச்சல். அதனால் 14 சதவீதச் சாராயம் உள்ள தெற்குப் பிரான்சு வெள்ளை ஒயின்களை இந்த மேசைக்குக் கொண்டுவரவே வேண்டாம். ஜெர்மனியின் மோசல் பக்கத்தில் 'கபினெட்' என்று லேபிள் போட்ட லேசான ரீஸ்லிங் 8, 9 சதவீதத்திலேயே கிடைக்கும். காரத்துக்கு அதைவிடப் பொருத்தம் எனக்குத் தெரியாது. பாரிஸ் சூப்பர்மார்க்கெட்டில் லேசில் அகப்படாது, நல்ல ஒயின் கடையில் கேட்டுப் பாருங்கள்.

செங்கதிர்

எல்லோரும் வெள்ளைக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். பொரித்த அறுக்குளா தடித்த சதை, மேலே மசாலா, எண்ணெய். அதற்குச் சிவப்பு ஏன் கூடாது? மீனுக்குச் சிவப்பு ஆகாது என்பதைப் பிரான்சுக்காரர்களே கடைப்பிடிப்பதில்லை. போர்தோவில் லாம்ப்ரே மீனைச் சிவப்பு ஒயினில்தான் சமைக்கிறார்கள், சிவப்போடுதான் சாப்பிடுகிறார்கள். போர்த்துகலில் உப்புக் கருவாடான பக்காலவ்வுக்குச் சிவப்பு ஊற்றும் வீடுகள் ஏராளம்.

அறிவியலும் இதைத்தான் சொல்கிறது. 2009-ல் ஜப்பானின் மெர்சியன் ஒயின் நிறுவன ஆய்வாளர்கள் 38 சிவப்பு, 26 வெள்ளை ஒயின்களைக் காய்ந்த ஸ்காலப் சிப்பியோடு சுவைக்க வைத்துப் பார்த்தார்கள். வாயில் கவுச்சி வாடை கிளம்பியதற்குக் காரணம் சிவப்பு நிறமோ துவர்ப்போ இல்லை, ஒயினில் இருக்கும் இரும்பு. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போனால் கவுச்சி தூக்கலாகத் தெரிந்தது. இரும்பைக் கட்டிப்போடும் பொருளைச் சேர்த்ததும் அது குறைந்தது. இரும்பு குறைந்த சிவப்பும் உண்டு, நிறைந்த வெள்ளையும் உண்டு.

என் யோசனை, பிரான்சின் போழொலே பகுதியில் கமே என்ற திராட்சையில் செய்யும் சிவப்பு, உதாரணமாக ஃப்ளூரி. துவர்ப்பு குறைவு, பழவாசம் அதிகம். 13, 14 பாகைக்குக் குளிரவைத்துப் பொரியலோடு கொடுங்கள்.

நாந்த்வாசி

தம்பி, அந்த ஆய்வு உங்கள் பக்கம் இல்லை. எந்த லேபிளில் இரும்பு எவ்வளவு என்று போட்டிருக்கிறது? மண், தூசி, பயன்படுத்திய பாத்திரம் என்று பலதைப் பொறுத்து மாறும் விஷயம் அது, கடையில் நின்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மொத்தமாகப் பார்த்தால் சிவப்பில் இரும்பு கூடுதலாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே மீனுக்கு வெள்ளை என்ற பழைய வழக்கம் நம்மைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறது.

லாம்ப்ரே எடுத்துக்காட்டும் இங்கே பொருந்தாது. அதன் இரத்தத்தையும் சிவப்பு ஒயினையும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள், கிட்டத்தட்ட கறிக்குழம்பு. டோராட் அப்படியா? மெல்லிய வெள்ளைச் சதை. சம்பந்தி அம்மாவின் முன்னால் பெர் பிளானோடு சிவப்பை வைத்தால் அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும், நான் அந்த ஊரில் குடும்பம் நடத்துகிறவன்.

செங்கதிர்

டோராட்டுக்குச் சிவப்பு என்று நான் சொல்லவே இல்லை அண்ணா. பொரியலுக்குத்தான் சொன்னேன். முகம் மாறும் என்று பயந்து விருந்து வைக்க முடியாது. அன்றைக்குக் கொண்டாடப்படுபவர்கள் யாழ்ப்பாணத்து அம்மாவும் அப்பாவும். அவர்கள் சாப்பாட்டுக்கு எது சேரும் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். வந்தவர்களுக்கு ஒயின், வீட்டவர்களுக்குச் சாப்பாடு என்று பிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அமுதினி

குடிக்காத 4 பேரையும் யோசியுங்கள். அவர்கள் முன்னால் ஆரஞ்சு பழச்சாறு டப்பாவை வைத்துவிடாதீர்கள். ஒயின் திராட்சையிலிருந்தே பிழிந்த சாறு, புளிப்பான நார்மண்டி ஆப்பிள் சாறு இரண்டும் நல்ல கண்ணாடி பாட்டிலில் கிடைக்கும். அவர்களுக்கும் அதே ஒயின் குவளைகளில் ஊற்றுங்கள்.

மல்லிகைப்பந்தல்

எல்லோருக்கும் நன்றி. அமுதினி அக்கா, அம்மா மது தொடுவதே இல்லை, நீங்கள் சொன்னது மனதில் பட்டது. அவருக்கு நிச்சயம் ஆப்பிள் சாறு.

ஒரு சிக்கலை நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் ஒன்று முடிந்து ஒன்று பரிமாறும் பழக்கம் இல்லை. சோறு, சொதி, பொரியல், டோராட் எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வரும். அம்மா அதை மாற்ற விடமாட்டார். அப்படியென்றால் எந்த ஒயினை எப்போது ஊற்றுவது?

புளியங்கொட்டை

இதுதான் இந்த இழையின் உண்மையான கேள்வி. பிரெஞ்சு மேசையில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஒயின் என்ற கணக்கு, தட்டுகள் வரிசையாக வருவதால்தான் நடக்கிறது. நம் வீட்டில் ஒரே வாயில் சொதியும் வரும் பொரியலும் வரும். அதனால் எல்லாவற்றோடும் சண்டை போடாத ஒயின் ஒன்று வேண்டும். திரும்பவும் வூவ்ரே தெமி-செக் என்றுதான் சொல்வேன். வெண்ணெய்ச் சாறைக் கெடுக்காது, சொதியோடு சேரும், பொரியலையும் சமாளிக்கும். 10 முதல் 14 ஈரோவுக்குள் முடியும்.

நாந்த்வாசி

வெண்ணெய்ச் சாறுக்கு இனிப்பு ஒயினா? முடியவே முடியாது. வினிகரும் வெண்ணெயும் உள்ள சாறு இனிப்பைத் தனியே துருத்திக் காட்டும். அதற்குப் பதிலாக இரண்டு பாட்டிலையும் ஒரே நேரத்தில் திறந்து மேசையில் வையுங்கள். ஆளுக்கு இரண்டு குவளை. ஒன்றில் கிளிசோன், ஒன்றில் புளியங்கொட்டை சொல்லும் வூவ்ரே. யார் எதைச் சாப்பிடுகிறார்களோ அதற்கு ஏற்றதைக் கையில் எடுக்கட்டும். அம்மாவிடம் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள், டோராட்டை ஒரு பத்து நிமிடம் முன்னால் கொண்டுவர முடியுமா என்று. மிளகாய் ஏறிய நாக்குக்கு அப்புறம் வெண்ணெய்ச் சாறு தெரியாது.

மல்லிகைப்பந்தல்

பத்து நிமிடத்துக்கு அம்மா சம்மதித்துவிட்டார், மாமியாருக்காக என்று சொல்லிக் கேட்டேன்.

அப்படியானால் என் கணக்கு இது. ஒரு பாட்டிலில் ஆறு குவளை வரும் என்று வைத்துக்கொண்டு, வரவேற்புக்கு லுவார் கிரெமோன் (ஷாம்பெய்ன் போலக் குமிழ் விடும் ஒயின்) 2, கிளிசோன் 3, வூவ்ரே தெமி-செக் 3. தோராயமாக 100 ஈரோதான் வருகிறது. இரவி அண்ணா, ஷாம்பெய்ன் இல்லை என்று கோபிக்க வேண்டாம்.

புதுவை_இரவி

கோபம் இல்லை சகோதரி, வருத்தம் உண்டு. கிரெமோனும் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்க வைப்பதுதான், முறை ஒன்றே. ஆனால் அது வண்டலோடு 9 மாதம் இருந்தால் போதும், ஷாம்பெய்ன் பாட்டிலிலேயே 15 மாதம் கிடக்க வேண்டும். குடிக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். அப்பா அம்மா கேக் வெட்டும் நேரத்துக்காவது ஒரே ஒரு ஷாம்பெய்ன் வையுங்கள். கேக் இனிப்பு என்பதால் இனிப்பு மிகக் குறைந்த 'ப்ரூட்' வேண்டாம், 'தெமி-செக்' வாங்குங்கள். அதில் லிட்டருக்கு 32 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும்.

செங்கதிர்

மூன்று வூவ்ரேயில் ஒன்றைக் குறைத்து ஒரு ஃப்ளூரி வாங்குங்கள் அக்கா. உங்கள் அப்பா பொரியலோடு குடித்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்லட்டும். அதுவரை நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

நாந்த்வாசி

ஃப்ளூரி வாங்குவது உங்கள் விருப்பம், டோராட் தட்டு காலியான பிறகு திறக்கச் சொல்லுங்கள்.

கடை விஷயம் யாரும் சொல்லவில்லை. கிரெமோனை சூப்பர்மார்க்கெட்டிலேயே எடுக்கலாம். கிளிசோனையும் வூவ்ரேயையும் ஒயின் கடையில் வாங்குங்கள். மிளகாய், தேங்காய்ப்பால் என்று மெனுவை அப்படியே சொல்லுங்கள், வெறும் மீன் என்று சொன்னால் தப்பான பாட்டிலைக் கொடுத்துவிடுவார்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தக்கை கெட்டு ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் பெரும்பாலான கடைகள் மாற்றிக் கொடுக்கும். வாங்குவது வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும், சனிக்கிழமை மதியமே ஃப்ரிட்ஜில் படுக்க வைத்துவிடுங்கள். சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் கிளிசோனை மட்டும் வெளியே எடுங்கள், அது பனிக்கட்டி மாதிரி இருந்தால் வாசமே வராது, 11, 12 பாகைதான் சரி. ஃப்ரிட்ஜில் இடம் இல்லாவிட்டால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும்.