அக்கார்டியன் பொத்தான்களை நாமே செய்யும்போது எந்தப் பொருள் நிலைக்கும்?

பாளையங்கோட்டை உறுப்பினர்:

எங்கள் ஆலயப் பாடகர் குழுவிடம் ஜெர்மனியில் செய்யப்பட்ட பழைய 120 பாஸ் அக்கார்டியன் (துருத்தியை இழுத்துச் சுருக்கி வாசிக்கும் கருவி, இடக்கையில் 120 பாஸ் பொத்தான்கள் கொண்டது) ஒன்று இருக்கிறது. அதன் இடக்கைப் பக்கத்தில் ஒன்பது பொத்தான்கள் உடைந்து உதிர்ந்துவிட்டன. அவற்றைத் தாங்கியிருந்த கம்பிகள் மட்டும் துளைகளுக்குள் தெரிந்தன. அதே அளவில் மாற்றுப் பொத்தான்கள் கிடைக்காததால் கையால் செய்துகொள்வது என்று முடிவு செய்தோம். அந்த வேலையில் நான் செய்த ஒரு பிழையையும் அதிலிருந்து தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பழைய பொத்தான் எதனால் ஆனது என்று அறிய விரும்பி, உடைந்த துண்டு ஒன்றை வெந்நீரில் போட்டு எடுத்து முகர்ந்தேன். கற்பூர வாசனை வந்திருந்தால் அது செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். எனக்கு வந்ததோ பால் பொங்கி அடுப்பில் சிந்தினால் எழும் தீய்ந்த வாசனை. அது கேலலித், அதாவது பாலின் கேசீன் புரதத்தை அழுத்தி, ஃபார்மலின் கரைசலில் பல நாட்கள் ஊறவைத்துக் கெட்டியாக்கிய பொருள். அதன் கிரேக்கப் பெயருக்கே பாற்கல் என்றுதான் பொருள். மெருகேற்றினால் தந்தம்போல் மின்னும் இப்பொருள் ஈரத்தை உறிஞ்சும், காய்ந்தால் சுருங்கும். ஆண்டுக்கணக்கில் இப்படி ஊறியும் காய்ந்தும் கிடந்ததனால்தான் கம்பி நுழையும் இடத்தில் விரிசல் விழுந்திருந்தது. (செல்லுலாய்டு என்று ஐயமிருந்தால் சூடான ஊசியால் குத்திப் பார்க்க வேண்டாம், அது நொடியில் பற்றிக்கொள்ளும்.)

கேலலித் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, மரத்தை நம்பி அம்பாசமுத்திரத்துக்குச் சென்றேன். தலைமுறைகளாகச் சொப்புச் சாமான் கடையும் அண்ணாச்சி ஒருவர், நன்கு காய்ந்த மஞ்சக்கடம்புக் கட்டையில் ஒன்பது பொத்தான்களையும் ஒரே காலையில் கடைந்து, அரக்கு மெருகும் ஏற்றித் தந்தார். அவர் கைவேலையில் எந்தக் குறையும் இல்லை. “கொஞ்சம் இளக்கம் விடுங்க தம்பி, மரம் மூச்சு விடும்” என்று அவர் சொன்னதை நான்தான் கேட்கவில்லை. பலகைத் துளை 7 மில்லிமீட்டர். பொத்தான் ஆடி ஓசை எழுப்பக் கூடாதென்று அதை 6.9 ஆகக் கடையச் சொன்னேன். பங்குனியில் அது வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கியது. ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்துப் பருத்தது. அதுவும் இழைக்குக் குறுக்கே எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பருக்காததால் வட்டம் நீள்வட்டமாயிற்று. ஞாயிறு ஆராதனையின் நடுவில் இரண்டு பொத்தான்கள் அழுந்தியவாறே நின்றுவிட, காற்றுத் துளைகளை அடைக்க வேண்டிய அவற்றின் தடுக்குகள் மூடாமல், துருத்தியை இழுக்குந்தோறும் வேண்டாத பாஸ் சுருதி ஒலித்துக்கொண்டே இருந்தது. பாடியவர்கள் தடுமாறியதைக் கண்டு மிகவும் வருந்தினேன். ஈரத்துக்கு அசையாத பொருள் எது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கோயம்புத்தூர் உறுப்பினர்:

நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். பம்புகளுக்கு புஷ் (தண்டு சுழலும் வளையம்) கடையப் பயன்படும் டெல்ரின் என்ற கடினப் பிளாஸ்டிக் தண்டில் ஒரு நண்பரின் அக்கார்டியனுக்கு வலக்கைப் பொத்தான்கள் செய்து தந்திருக்கிறேன். டெல்ரின் ஏறக்குறைய ஈரமே குடிப்பதில்லை. மழையிலும் வெயிலிலும் அளவு மாறாது. பலகையில் உரசினாலும் தானே வழுக்கும். இரண்டு செய்திகளை மட்டும் கவனியுங்கள். முதலாவது, அது எளிதில் எந்தப் பசைக்கும் ஒட்டாது. எனவே 2 மில்லிமீட்டர் கம்பிக்கு 1.9 மில்லிமீட்டர் துளை போட்டு இறுக்கி ஏற்றுவதே வழி. அவசரப்பட்டுச் சுத்தியலால் அடித்தால் கம்பி வளைந்துவிடும், ஆகவே வைஸில் வைத்து மெதுவாக அழுத்துங்கள்.

இரண்டாவது, பித்தளையின் அழகில் மயங்க வேண்டாம். அதே நண்பருக்கு முதலில் பித்தளையில்தான் செய்தேன். 14 மில்லிமீட்டர் விட்டமும் 5 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பொத்தான் டெல்ரினில் ஒரு கிராமுக்குச் சற்று மேல் எடை வரும். பித்தளையிலோ ஆறு கிராமைத் தாண்டிவிடும். நெம்புகோலின் நுனியில் அந்த எடை ஏறியதும், விரலை எடுத்த பிறகும் ஸ்பிரிங் அதைத் தூக்கத் திணறி, வேகமான வரிகளில் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உள்ளே குடைந்து எடையைக் குறைத்துப் பார்த்தும் நிறைவில்லை. அதோடு வியர்வை பட்டுப் பச்சைக் களிம்பும் ஏறியது.

லண்டன் உறுப்பினர்:

டெல்ரினைப் பற்றிக் கூறியதனைத்தும் சரி, ஆனால் அது எளிதில் சாயம் ஏற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பழுது பார்ப்பது அக்கார்டியனின் உறவுக் கருவியான கான்சர்டினா. 48 பொத்தான்கள் கொண்ட பழைய ஆங்கில வகைக் கருவிகள் பலவற்றில் ஸி சுரங்கள் சிவப்பிலும், இடைச் சுரங்கள் கறுப்பிலும், மற்றவை வெள்ளையிலும் இருக்கும். அந்த நிறம் மேற்பூச்சு அல்ல, எலும்புக்குள் ஊறிய சாயம். ஆகவே நூறாண்டு விரல்கள் தேய்த்தும் போகாமல் இருக்கிறது.

அதனால் நான் எலும்பையே தேர்ந்துகொண்டேன். மாட்டின் கால் எலும்பைச் சலவைச் சோடா நீரில் பலமுறை வேகவைத்துக் கொழுப்பை நீக்க வேண்டும்; கொழுப்பு மிஞ்சினால் சில மாதங்களில் மஞ்சள் கறை மேலே வந்துவிடும். அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது, முகமூடியின்றி அந்த வேலையில் இறங்காதீர்கள். இத்தனை உழைப்புக்கும் கைம்மாறாகக் கிடைப்பது அந்தத் தொடுவுணர்வு. வியர்த்த விரல் எலும்பின்மேல் வழுக்குவதில்லை. தந்தத்தை மட்டும் யாரும் எண்ண வேண்டாம். இந்தியாவில் அதன் வணிகம் சட்டப்படி குற்றம், யானையின் உயிருக்கு ஈடாக எந்தப் பொத்தானும் வேண்டியதில்லை.

பாளையங்கோட்டை உறுப்பினர்:

இருவருக்கும் என் நன்றி. டெல்ரினில் 6.7 மில்லிமீட்டராகக் கடைந்து, எஞ்சிய ஆட்டத்தின் ஓசையை அடக்க, உட்புறத்தில் மெல்லிய ஃபெல்ட் வளையம் வைத்தேன். உதிர்ந்த ஒன்பதில் ஸி பொத்தானும் ஒன்று. இடக்கையைப் பார்க்காமல் வாசிப்பவருக்கு அதன் தலையிலுள்ள குழிதான் வழிகாட்டி என்பதால், உருண்டை முனைத் துளையூசியால் அந்தக் குழியைத் தனியாகக் குடைந்தேன். டெல்ரின் பிசிறின்றி வெட்டுப்பட்டது. புதிய வெள்ளை மட்டும் பழைய பொத்தான்களின் நடுவே பளிச்சென்று தெரிகிறது.

எங்கள் வாசிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். ஸி உடனே கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கடுத்த ஜி பொத்தான் மற்றவற்றைவிடச் சற்று உயரமாக நிற்கிறது என்றார். அதைக் கழற்றி அரை மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும்.