எல்.கே.ஜி. பிள்ளை கையில் பென்சில் எதற்கு?

கரும்பலகை:
நேத்து இந்த இணைய மன்றத்துல ஒருத்தர், "மூன்றரை வயசுல பென்சில் பிடிக்காத பிள்ளை பின்தங்கின பிள்ளை"ன்னு எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. முப்பத்தோரு வருஷம் ஒண்ணாம் வகுப்பு எடுத்தவ நான். மணிக்கட்டுல எட்டு எலும்பு. பிறக்கும்போது எல்லாமே குருத்தெலும்பு. எட்டும் எலும்பாக மாறப் பத்துப் பன்னிரண்டு வயசாகும். அந்தக் கைக்கு நாலுவரி நோட்டுல ரெண்டு பக்கம் வீட்டுப்பாடமா? எந்த வயசுல பிள்ளை எதைக் கத்துக்கணும்னு "வளர்ச்சிப் பணிகள்"ங்கற பேர்ல பட்டியல் போட்ட அமெரிக்கக் கல்வியாளர் ஹேவிகர்ஸ்ட், எழுதக் கத்துக்கறதை 6-12 வயசுலதான் வச்சார். அதுக்கு முன்னாடி படிக்கத் தயாராகறது மட்டும்தான். பி.எட். படிச்ச எல்லாருக்கும் தெரியும்.

கோவைத் தகப்பன்:
அந்த "ஒருத்தர்" நான்தான். என் பொண்ணு நாலு வயசுல பேரு எழுதறா, எலும்பு ஒண்ணும் உடையலீங்க. 1907ல ரோம்ல மாண்டிசோரி அம்மையார் தொடங்கின குழந்தைகள் இல்லத்துல நாலஞ்சு வயசுப் பிள்ளைங்க எழுதினாங்க. 1939ல அடையாறுக்கே வந்து பயிற்சி கொடுத்தவங்க. அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு?

கரும்பலகை:
அந்தம்மா முதல்ல கொடுத்தது உப்புத்தாள்ல வெட்டின எழுத்து. விரலால தடவணும். நாமளும் விஜயதசமிக்கு அரிசியில விரல் பிடிச்சுத்தானே எழுத வைக்கறோம்? நான் கேக்கறது பென்சில். பென்சிலுக்குப் பதில் சொல்லுங்க.

ரெண்டு வாலு அம்மா:
என் பையனுக்கு நாலு. "அ" எழுத உக்காந்தா கட்டைவிரலை உள்ள மடக்கி, முஷ்டியால பென்சிலைப் பிடிச்சு, தாள் கிழியற வரைக்கும் அழுத்தறான். சுழி வர்றதுக்குள்ள கண்ணுல தண்ணி. சட்டைப் பொத்தான் போட இன்னும் வரல. அதை எந்த மிஸ்ஸும் கேக்கல.

சட்டம்பிள்ளை:
கல்வி உரிமைச் சட்டமே ஆறு வயசுலதான் ஆரம்பிக்குது. பின்லாந்துல ஏழு. நம்ம ஊர்ல அஞ்சு முடிஞ்சா ஒண்ணாம் வகுப்பு. 2020 கல்விக் கொள்கை ஆறுன்னு சொன்னதுல என்ன தப்பு?

கோவைத் தகப்பன்:
வந்துட்டாரு, கொள்கை விளக்க. மும்மொழிக் கொள்கை பத்தி இங்க நடந்த விவாத இழையில வாங்கினது பத்தலயா?

சட்டம்பிள்ளை:
அங்க பதில் சொல்லாம ஓடினது யாரு? இழை அப்படியே கிடக்கு, போய்ப் பாருங்க.

ரெண்டு வாலு அம்மா:
பென்சிலை விடுங்க. பிளஸ் டூவுல 560 எடுத்த என் அண்ணன் மகனுக்குப் பேங்க்ல செலான் நிரப்பத் தெரியல. பதினெட்டு வயசுக்கான வளர்ச்சிப் பணியை எந்தப் பள்ளிக்கூடம் பார்க்குது?

கரும்பலகை:
அதெப்படி விட முடியும்? நாலு வயசுல பொத்தானைப் பறிச்சுட்டுப் பென்சிலைக் கொடுத்தா, பதினெட்டுல செலான் எங்கிருந்து வரும்? மண்ணு பிசையணும், பாசி கோக்கணும், மாவு உருட்டணும். விரல் அதுலதான் பழகும்.

கோவைத் தகப்பன்:
டீச்சரம்மா, உங்க பேரன் எந்தப் பள்ளிக்கூடம்? அங்க எல்.கே.ஜி.யில மாவு உருட்டறாங்களா?

கரும்பலகை:
என் பேரனை இழுக்காதீங்க. அவன் நோட்டுல நாலு மாசமா நான் ஒரு வரி எழுத விடல. அந்த மிஸ்கிட்ட நேராவே சொல்லிட்டேன். மணிக்கட்டுல எட்டு எலும்பு. அதுக்கு இன்னும் பதில் வரல.

கோவைத் தகப்பன்:
என் பொண்ணு பேரு எழுதின தாளைப் படம் எடுத்துப் போடறேன். எட்டு எலும்பையும் எண்ணிக்கோங்க.