தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் புதுக் கட்டை போட வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். தாத்தா காலத்து 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கி, முறையான லைசென்ஸோடு இப்போது என் பெயருக்கு வந்திருக்கிறது. பர்மிங்காமில் செய்தது, வெளியே குதிரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) வைத்தது. டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்த அந்த வரிகள் இன்னும் அலையலையாகத் தெரிகின்றன, அவ்வளவு அழகு! இடது குழலில் ‘நாட் ஃபார் பால்’ (ஒற்றைக் குண்டு போடக் கூடாது) என்ற முத்திரை இருக்கிறது. 1875 முதல் 1887 வரைதான் சோக் வைத்த, அதாவது வாய்ப்பக்கம் சற்றுக் குறுகிய குழலில் அப்படிக் குத்தினார்கள்.

கருமருந்துக் காலத்துக் குழல் என்பதால் இன்றைய தோட்டாவைப் போடப் போவதில்லை. சுடுவதற்கு அல்ல, பழைய உருவில் வைத்துக் காக்கத்தான் ஆசை.

சிக்கல் கட்டையில்தான், அதாவது தோளில் வைத்துப் பிடிக்கும் மரப் பகுதியில். பல வருட எண்ணெய் ஊறி, இரும்பு உட்காரும் இடத்தில் மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிட்டது. பிடியிலும் விரிசல். சுண்ணக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசினால் எண்ணெய் வெளியே வரும் என்கிறார்கள். இந்த அளவுக்குக் கெட்ட மரம் அதில் தேறுமா? இல்லை புதிதாகவே செதுக்குவதென்றால் வால்நட் எங்கே கிடைக்கும்? ஈட்டி மரம் கனம் கூடிவிடுமோ என்று பயம்.

அப்புறம், சென்னை, கோவை அல்லது குடகுப் பக்கம் இந்த வேலையைக் கையால் செய்யும் உரிமம் பெற்ற பட்டறை தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். குழலைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாத ஆளாக இருக்க வேண்டும்.