புதுப்பிப்பு: நெல்லைச் சார்னோக்கைட்டும் எல்.ஓ.ஐ. திருத்தமும்

நெல்லைப் பக்கம் எடுத்த சார்னோக்கைட் (கிரானைட் போன்ற ஒரு கடினப் பாறை) மாதிரிகளில் எல்.ஓ.ஐ., அதாவது சூடாக்கும்போது குறையும் எடை, ஏறுமாறாக இருக்கிறது, எப்படி ஒப்பிடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். வழக்கமான திருத்தத்தைச் செய்துவிட்டேன்: எல்.ஓ.ஐ.யை விட்டுவிட்டு, மற்ற ஆக்சைடுகளின் கூட்டுத்தொகை 100 ஆகும்படி எல்லாவற்றையும் பெருக்குவது. கூட்டுத்தொகை 93.1 வந்த மாதிரியில் சிலிக்கா 58.2இலிருந்து 62.5 ஆனது. மிகச் சிறு அளவில் இருக்கும் சுவட்டுத் தனிமங்களுக்கும் அதே பெருக்கம். விகிதங்கள் அசையாது.

சிக்கல் வேறு இடத்தில். நம்ம ஊர்ச் சுக்கான்கல், அதாவது மண்ணில் படியும் சுண்ணாம்பு, பாறை விரிசலுக்குள் இறங்கியிருக்கிறது. சூட்டில் அதன் கார்பன் டை ஆக்சைடு போய்விடும். வெளியிலிருந்து வந்த கால்சியம் ஆக்சைடு உள்ளேயே நிற்கும். வெறுமனே நூறாக்கினால் அதுவும் சேர்ந்து பெருக்கும். அதனால் கார்பன் டை ஆக்சைடைத் தனியாக அளந்து, ஒவ்வொரு 1 சதவீதத்துக்கும் 1.27 சதவீதம் கால்சியம் ஆக்சைடைக் கழித்த பிறகே நூறாக்கப் போகிறேன். கார்பனேட் முழுக்கக் கால்சைட்டாக (கால்சியம் கார்பனேட் கனிமமாக) இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

அப்புறம், ஒரு மாதிரியில் எல்.ஓ.ஐ. மைனஸில் வந்ததை ஆய்வகப் பிழை என்றார் ஒருவர். அப்படி இருக்க வேண்டியதில்லை. சிதையாத பாறையைச் சூடாக்கும்போது, அதிலுள்ள பெர்ரஸ் இரும்பு (இன்னும் ஆக்சிஜன் ஏற்கக்கூடிய இரும்பு) ஆக்சிஜனை வாங்கி எடை ஏறும். பெர்ரஸ் ஆக்சைடு 9 சதவீதம் என்றால் ஏற்றம் 1 சதவீதம் வரை போகும். கார்பன் டை ஆக்சைடு அளவு கைக்கு வந்ததும் அட்டவணையைப் போடுகிறேன்.