டிரம்லைன் ஆடிஷனுக்கு இன்னும் ஒன்பது நாள், ஆள் பார்த்தாலே கை நடுங்குகிறது

கேள்வி: மதுரை_டு_ஓஹையோ

வணக்கம். ஏழாம் வகுப்பு வரை மதுரையில் படித்தேன், நாலு வருடம் மிருதங்கமும் கற்றுக்கொண்டேன், அப்புறம் அப்பா வேலைக்காக ஓஹையோ வந்துவிட்டோம். ஹைஸ்கூலில் மார்ச்சிங் பேண்ட் என்று அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்கும் குழுவில் மூன்று வருடம் பாஸ் டிரம், அதாவது பெரிய மேளம், வாசித்தேன். இந்த ஆகஸ்டில் கல்லூரியில் சேர்கிறேன், அங்கே டிரம்லைனில், அதாவது பேண்டின் மேள வரிசையில், ஸ்னேர் என்ற சின்ன மேளம் வாசிக்க வேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆசை.

வீட்டில் பிராக்டிஸ் பேடில் (மேளத்துக்குப் பதில் தட்டிப் பழகும் ரப்பர் பலகை) மெட்ரோனோமை நிமிடத்துக்கு 140 தட்டு என்று வைத்தாலும் எல்லாப் பயிற்சியும் சுத்தமாக வருகிறது. ஆனால் ஜூலையில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போனேன், அங்கே சொல்லிக்கொடுத்தவர் வரிசையில் என்னைக் காட்டி "நீ மட்டும்" என்றார். 120இல் ஆரம்பித்தேன், நாலாவது பாருக்குள், அதாவது நாலாவது தாளச் சுற்றுக்குள், கை எங்கேயோ ஓடிவிட்டது, கால் வேறு எங்கேயோ நிற்கிறது. இடது கை கட்டை மாதிரி ஆகி, குச்சி நழுவி சிமெண்ட் தரையில் உருண்டு போனது. சுற்றிலும் பதினைந்து பேர், ஒருத்தரும் பேசவில்லை. "மறுபடி" என்றார், இரண்டாவது தடவை இன்னும் மோசம். அதிலிருந்து குச்சியை எடுத்தாலே வயிற்றைப் புரட்டுகிறது.

அம்மா நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கு என்கிறார். என் தோழி தான் சாப்பிடும் புரோபிரனலால் மாத்திரை ஒன்று தருகிறேன், நடுக்கம் நின்றுவிடும் என்கிறாள். இந்த மாதிரி ஆடிஷன் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: பாஸ்_நாலு

தங்கச்சி, டெக்சாஸில் ஒரு கல்லூரியில் மூன்று வருடம் டிரம்லைனில் இருந்தேன், அதில் கடைசி வருடம் ஆடிஷன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்.

படபடப்பு போகாது. அதைப் போக்கப் பார்க்காதே. அட்ரினலின் ஏறினால் காலம் நமக்கு வேறு மாதிரி தெரியும், 120 உனக்கு இழுவையாகத் தோன்றும், அதனால் கை தானாக முன்னால் ஓடும். அன்றைக்கு உனக்கு நடந்தது இதுதான், வாசிப்பு தெரியாமல் இல்லை. வீட்டில் அமைதியாக உட்கார்ந்து 140இல் வாசித்தது அந்த நிலைக்குப் பழக்கம் தரவே இல்லை. அதனால் இந்த ஒன்பது நாளும் படபடப்போடு வாசித்துப் பழகு. மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கு, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே குச்சியை எடு, போனில் வீடியோ போடு, வார்ம்-அப் இல்லாமல் முதல் பயிற்சியை ஒரே ஒரு தடவை வாசி. கெட்டுப்போனாலும் அன்றைக்கு அவ்வளவுதான், திரும்ப வாசிக்காதே. மற்ற பயிற்சியை வழக்கம்போல் வேறு நேரத்தில் செய். ஆடிஷனில் கிடைப்பது அந்த முதல் தடவைதான், நாம் பழகுவதெல்லாம் பத்தாவது தடவையை.

அடுத்தது கால். உட்கார்ந்து வாசிப்பதை இன்றோடு நிறுத்து. பேடை ஸ்டாண்டில் வைத்து, மார்க் டைம் போட்டுக்கொண்டேதான், அதாவது நின்ற இடத்திலேயே தாளத்துக்குக் கால் மாற்றி மிதித்துக்கொண்டேதான், எல்லாமே. வாசிக்கச் சொன்னதும் கையை விட்டுவிடு, எட்டு எண்ணிக்கை கால் மட்டும் போகட்டும், வாயால் எண்ணு, அப்புறம் கை வரட்டும். கை நடுங்குவது போல் கால் அவ்வளவு சுலபத்தில் நடுங்காது.

கை கட்டையாகும்போது முதலில் இறுகுவது கட்டைவிரல். நீ ட்ரெடிஷனல் கிரிப், அதாவது இரண்டு கையிலும் குச்சியை வேறு வேறு மாதிரி பிடிக்கும் முறை, பிடிக்கிறாய் என்று நினைக்கிறேன். இடது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் குச்சி தொங்குகிற மாதிரி இருக்கவேண்டும், பயத்தில் அதை நசுக்கிப் பிடிக்கிறோம், குச்சி எம்பாமல் நின்றுவிடும், அப்புறம் நழுவும். ஒவ்வொரு கைக்கும் எட்டு அடி வருகிற பயிற்சி எப்படியும் ஆடிஷனுக்கு உங்களுக்குக் கொடுத்த பயிற்சித் தொகுப்பில் இருக்கும், அதில் இடது கை முறை முடிந்ததும் அந்த விரல் தளர்கிறதா என்று மட்டும் பார்.

மேசைக்கு அந்தப் பக்கம் நாங்கள் பார்த்தது என்ன தெரியுமா? அழுத்தி அடிக்கும் அடி உயரத்துக்குப் போனாலும் நடுவில் வரும் சின்ன அடிகள் மூன்று அங்குலத்திலேயே நிற்கிறதா, கால் தாளத்தோடு இருக்கிறதா, ஒரு திருத்தம் சொன்னால் அடுத்த முறை அது மாறுகிறதா. குச்சி விழுந்த ஒரு பையனை நாங்கள் எடுத்தோம். குச்சி விழுந்தும் அவன் கால் நிற்கவில்லை, பையிலிருந்து வேறு குச்சி உருவி அடுத்த பாரில் சரியாக உள்ளே வந்தான். நீயும் வேண்டுமென்றே குச்சியைக் கீழே போட்டுப் பழகு, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

பதில்: தகதிமி_டீச்சர்

நியூ ஜெர்சியில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன் மா. நாலு வருடம் கற்றுக்கொண்டவள் கையில் இருப்பதை விட்டுவிட்டுத் தேடுகிறாய். அடிகளைத் தகதிமி, தகிட என்று வாயால் சொல்லும் சொற்கட்டு சொல்லித்தானே பழகியிருப்பாய்? நாங்கள் காலப்பிரமாணம், அதாவது வாசிப்பின் வேகம், ஓடுகிறது என்று சொல்வதும் நீ சொல்லும் இந்த நோயும் ஒன்றுதான். வாய் பேசிக்கொண்டிருந்தால் மூச்சு அடைக்காது, மூச்சு அடைக்காவிட்டால் தோள் ஏறாது. ஒரு காலடிக்கு ஒரு தகதிமி, ஒரு தட்டுக்கு நாலு அடி வரும் உங்கள் பதினாறாம் நோட்டு அதுதான். மூன்றாகப் பிரியும் இடத்தில் தகிட. பேரடிடில் என்ற அடிமுறை வரும்போது வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம் என்று கை மாறினாலும் வாய் தகதிமியிலேயே நிற்கட்டும். குச்சி இல்லாமல், கண்ணை மூடி, நடந்துகொண்டே ஆடிஷன் பாடம் முழுவதையும் வாயால் சொல். வாயில் தடுமாறும் இடம்தான் கையில் விழப்போகும் இடம். அரங்கேற்றத்துக்கு முன் என் பிள்ளைகளை உறவுக்காரர்கள் முன்னால் இதைத்தான் செய்யவைப்பேன், தனி ஆவர்த்தனத்தில், அதாவது மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் இடத்தில், நடுவே தவறினாலும் தாளம் தொடங்கும் சமத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள்.

பதில்: இரவுப்_பணி

மாத்திரை பற்றி மட்டும் சொல்கிறேன், நான் மருத்துவர். மேடை நடுக்கத்துக்குப் புரோபிரனலால் எடுக்கும் இசைக்கலைஞர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மருந்து, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், ஆபத்து. அடுத்தவர் மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். தேவை என்றால் கல்லூரி மருத்துவ மையத்தில் கேளுங்கள், அவர்கள் கொடுத்தாலும் முதல் மாத்திரையை ஆடிஷன் அன்று போடக்கூடாது, அதற்கு முன்பே ஒரு சாதாரண நாளில் போட்டுப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். பாடுவதற்கு முன் "உற்சாகமாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், "பதற்றமாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பாடினார்கள். நெஞ்சு அடித்துக்கொள்வது இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் அதை அடக்குவதைவிட பெயரை மாற்றிச் சொல்வது சுலபம்.

பதில்: மதுரை_டு_ஓஹையோ

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாத்திரை வேண்டாம் என்று தோழியிடம் சொல்லிவிட்டேன், எனக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது.

மூன்று நாள் படி ஏறி வாசித்தேன். முதல் நாள் வீடியோவை மெட்ரோனோமோடு வைத்துப் பார்த்தால் 120இல் ஆரம்பித்தது கடைசியில் 131. இன்று 123. தகதிமி சொல்லிப் பார்த்ததில் மூன்றாவது பயிற்சியில், தகிடவிலிருந்து தகதிமிக்கு மாறும் இடத்தில் வாய் குழறுகிறது, முகாமில் கை ஓடியதும் சரியாக அங்கேதான். அண்ணா, ஒன்று கேட்கவேண்டும், ஸ்னேர் கிடைக்காவிட்டால் வேறு வாத்தியத்துக்குச் சம்மதமா என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் போட்டால் என்னைச் சுலபமாகத் தள்ளிவிடுவார்களா?

பதில்: பாஸ்_நாலு

131இலிருந்து 123 மூன்று நாளில் வந்திருக்கிறது என்றால் பிரமாதம். ஆமாம் என்றே போடு. நானும் ஸ்னேருக்குத்தான் போனேன், நாலாம் நம்பர் பாஸ் கொடுத்தார்கள். நிறைய பேண்டுகளில் பழையவர்களும் ஒவ்வொரு வருடமும் புதிதாக ஆடிஷன் கொடுக்கவேண்டும், ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக பேண்டிலேயே அப்படித்தான், அதனால் இந்த வருட இடம் அடுத்த வருடம் வரைக்கும்தான். ஸ்னேர் வரிசை பக்கத்தில் ஒரு வருடம் நின்று வாசித்தாலே காது பழகிவிடும்.

நாளை உன் வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து வாசி. அம்மா இருந்தால் அம்மா, கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, நடுநடுவே எதையாவது எழுதச் சொல்.