ஹான்சல்–கிரெட்டலைக் காட்டில் விட்டது அம்மாவா, சித்தியா? கதையை மாற்றிப் படிக்கலாமா?

செங்காந்தள் (தொடங்கியவர்):
எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பெண் இருக்கிறாள். அவளுடைய அம்மா இறந்த பிறகு அந்த வீட்டுக்கு வந்தவள் நான். என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறந்தநாளுக்கு யாரோ கிரிம் சகோதரர்களின் கதைகளைத் தமிழில் வாங்கிக் கொடுத்தார்கள். படமெல்லாம் அழகு. ஆனால் ஹான்சல்–கிரெட்டலைக் காட்டில் விடச் சொல்பவள் சித்தி. ஸ்நோ ஒயிட்டுக்கு விஷ ஆப்பிள் கொடுப்பவள் சித்தி. சிண்ட்ரெல்லாவைச் சாம்பலில் படுக்கவைப்பவளும் சித்தி. மூன்றாவது கதை முடிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்க எந்த மாதிரி சித்தி?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன். அதற்கப்புறம் சித்தி வரும் இடமெல்லாம் "ஒரு பொல்லாத பொம்பளை" என்று மாற்றித்தான் படிக்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெண், சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவாள். இப்படி மாற்றுவது சரியா என்று சொல்லுங்கள்.

கரிசல்வாசகன்:
கூடாது தங்கச்சி. உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் இன்றைக்குச் சித்தியைத் தூக்கினால் நாளைக்குச் சூனியக்காரியை, அதற்கு மறுநாள் ஓநாயை என்று போய்க்கொண்டே இருக்கும். ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறது. சிவப்புத் தொப்பிக்காரி கதையில் ஓநாய் பாட்டியை விழுங்காமல் அலமாரிக்குள் அடைத்துவைக்கும் பதிப்பு ஒன்றைக் கடையில் புரட்டிப் பார்த்தேன். ஓநாயின் வயிற்றைக் கிழித்துப் பாட்டியை வெளியே எடுக்கும் இடம்தானே பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும் இடம்? அதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கூடையும் கொஞ்சம் பலகாரமும்தான்.

200 வருஷமாக உலகம் முழுக்கப் பிள்ளைகள் இந்தக் கதைகளை அப்படியே கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். நாமும் நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்ட கதையைக் கேட்டுத்தானே வளர்ந்தோம்? யாருக்கு என்ன ஆகிவிட்டது? மூலத்தில் உள்ளபடியே படியுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
அண்ணே, மூலத்தில் உள்ளபடி என்கிறீர்கள். சரி, எந்த மூலம்?

யாக்கோபும் வில்ஹெல்மும் முதல் தொகுதியை வெளியிட்டது 1812-இல். அதில் ஹான்சல்–கிரெட்டலைக் காட்டில் விடச் சொல்பவள் பெற்ற அம்மா. ஸ்நோ ஒயிட்டைக் கொல்ல ஆள் அனுப்புகிறவளும் பெற்ற அம்மாதான். பனிபோல வெள்ளையாக, ரத்தம்போலச் சிவப்பாக ஒரு பிள்ளை வேண்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து ஆசைப்பட்டாளே, அவளேதான் பிற்பாடு மகளின் ஈரலையும் நுரையீரலையும் கொண்டுவரச் சொல்லி, உப்புப் போட்டு வேகவைத்துத் தின்கிறாள். (வேடன் கொண்டுவந்து கொடுத்தது காட்டுப்பன்றியினுடையது. அது அவளுக்குத் தெரியாது.) 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த அம்மா பிள்ளையைப் பெற்றதும் இறந்துபோகிறாள், ஒரு வருஷம் கழித்து ராஜா வேறு கல்யாணம் செய்துகொள்கிறார். ஹான்சல் வீட்டு அம்மாவுக்கு ஆயுசு இன்னும் கொஞ்சம் கெட்டி. 1840-இல், நாலாம் பதிப்பில்தான் அவள் இடத்துக்குச் சித்தி வருகிறாள்.

இந்த வேலையெல்லாம் பெரும்பாலும் தம்பி வில்ஹெல்முடையது. 1857 வரை ஏழு பதிப்புகள் வந்தன, பேனாவைக் கீழே வைக்கவே இல்லை மனிதர். பெயர் என்னவோ குழந்தைகளுக்கும் வீட்டுக்குமான கதைகள் என்று இருந்தாலும், முதல் பதிப்பில் படம் கிடையாது, ஆராய்ச்சிக் குறிப்புகள்தான் இருந்தன. 1823-இல் லண்டனில் ஒரு மொழிபெயர்ப்பு ஜார்ஜ் குரூக்ஷாங்கின் படங்களோடு வந்து நன்றாக விற்றது. அதைப் பார்த்துத்தான் 1825-இல் இவர்களும் 50 கதைகளை மட்டும் பொறுக்கி, இன்னொரு சகோதரர் லுட்விக் வரைந்த படங்களோடு சின்னப் பதிப்பு ஒன்றைப் போட்டார்கள். அப்புறம் அது வசதியான வீட்டு அம்மாக்கள் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டும் புத்தகமாகிவிட்டது. பெற்றவள் பிள்ளையைக் கொல்லப் பார்த்தாள் என்று பெற்றவளே உட்கார்ந்து படித்துக்காட்ட முடியுமா?

ஆக, செங்காந்தள் செய்வது வில்ஹெல்ம் செய்த அதே வேலைதான். அவர் ஒருத்தி தலையில் இருந்த பழியை எடுத்து இன்னொருத்தி தலையில் வைத்தார். இவர் அதை இறக்கிவைக்கிறார்.

வழிப்போக்கன்:
எங்கள் வீட்டில் காக்கா இப்போதெல்லாம் வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டுதான் பாடுகிறது. நரியைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது.

கரிசல்வாசகன்:
சுரைக்காய் தம்பி, பொல்லாத சித்தி என்ன வில்ஹெல்ம் பெற்ற பிள்ளையா? 1697-இல் பிரான்சில் பெரோ எழுதிய சிண்ட்ரெல்லாவில் சித்தி உண்டு. அதற்கும் முன்னால் 1630-களில் நேப்பிள்ஸ்காரர் பசீலேயின் தொகுப்பில் உண்டு. அதில் அந்தப் பெண்ணே பெட்டி மூடியைத் தள்ளிச் சித்தியின் கழுத்தை முறித்துக் கொல்கிறாள். அப்புறம் வருகிற இரண்டாவது சித்தி முதலாமவளைவிட மோசம்! பிரசவத்தில் அம்மாக்கள் செத்துக்கொண்டே இருந்த காலம் அது. தெருவுக்கு நாலு வீட்டில் சித்தி இருந்திருப்பாள், இருக்கிற ரொட்டியை யார் பிள்ளைக்குப் போடுவது என்ற சண்டையும் இருந்திருக்கும். கதை அதைச் சொன்னது, அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன அதே 1812 பதிப்பில், பன்றி அறுப்பதைப் பார்த்த பிள்ளைகள் தங்களுக்குள் அதையே விளையாடி, ஒரு பையன் செத்துப்போகும் கதை ஒன்று இருந்தது. இதையெல்லாமா பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று நண்பர் ஆர்னிம் குறைப்பட்டபோது வில்ஹெல்ம் என்ன பதில் எழுதினார் தெரியுமா? அம்மா எனக்குச் சின்ன வயதில் சொன்ன கதைதான் இது, அதைக் கேட்டுத்தான் விளையாட்டில் ஜாக்கிரதையானேன் என்று. அடுத்த பதிப்பில் பயந்துபோய் அந்தக் கதையை எடுத்துவிட்டார் என்பது வேறு விஷயம். எடுத்ததுதான் தப்பு என்கிறேன்.

நம் கி.ரா. என்ன செய்தார்? கரிசல் காட்டில் கேட்ட பச்சையான கதைகளைக் கழுவித் துடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று தனிப் புத்தகமாகப் போட்டார். ஒரு கதை பிள்ளைக்கு ஆகாது என்றால் பத்து வருஷம் கழித்துக் கொடுங்கள். கதையில் கைவைக்காதீர்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
சிண்ட்ரெல்லாவின் சித்தி பழையவள் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. நான் பேசியது மற்ற இரண்டு பேரைப் பற்றி.

வில்ஹெல்ம் எதைக் கண்டு பயந்தார் என்று பாருங்கள், அதுதான் சுவாரசியம். 1812-இல் கோபுரத்தில் அடைபட்டிருக்கும் ரபுன்சல், "என் உடுப்பெல்லாம் ஏன் இறுகிக்கொண்டே போகிறது?" என்று அடைத்துவைத்தவளிடமே வெள்ளந்தியாகக் கேட்டு மாட்டிக்கொள்வாள். பிள்ளை உண்டாகியிருக்கிறாள். பிறகு வந்த பதிப்புகளில் அது போய், "இளவரசனைவிட உங்களை மேலே இழுப்பது ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது?" என்று கேட்கிறாள். நல்ல மாற்றம்தான், ஆனால் கடைசியில் அவள் கையில் இரட்டைப் பிள்ளைகள் இருப்பதை எடுக்க மறந்துவிட்டார்! கேட்கிற பிள்ளை அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்காதா?

ரத்தம் விஷயத்தில் மட்டும் நேர் எதிர். சிண்ட்ரெல்லாவின் அக்காமார் கண்ணைப் புறாக்கள் கொத்துகிற காட்சி 1812-இல் இல்லை, 1819-இல் அவர் சேர்த்தது. கர்ப்பம் கூடாது, கண்ணைப் பிடுங்கலாம். நீங்கள் 200 வருஷமாக அப்படியே வந்தது என்று கும்பிடுவது இந்த மனிதரின் கூச்சத்தையும்தான்.

மனநூல்:
உளவியல் பக்கமிருந்து ஒன்று. புருனோ பெட்டல்ஹைம் 1976-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சின்னப் பிள்ளைக்கு அம்மா மேல் அடங்காத கோபம் வரும், அதே அம்மா இல்லாமல் இருக்கவும் முடியாது. கதை அந்த அம்மாவை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறது என்றார்: செத்துப்போன நல்ல அம்மா, உயிரோடு இருக்கும் கெட்ட சித்தி. பிள்ளை கோபத்தையெல்லாம் சித்தி மேல் கொட்டிவிட்டு அம்மாவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். சூனியக்காரி அடுப்பில் வெந்து சாவதும் பிள்ளைக்கு ஆறுதல்தான், கெட்டது ஒழிந்தது என்று தூங்கப்போகும். ஆகவே சித்தியை எடுத்தால் கதையின் மருந்தையே எடுத்த மாதிரி.

(அவர் இறந்த பிறகு, மற்றவர் எழுத்திலிருந்து சொல்லாமல் எடுத்தார் என்று அவர் மேல் புகார் வந்தது தெரியும். ராபர்ட் டார்ன்டன் என்ற வரலாற்றாசிரியரும் 1984-இல் அவரை ஒரு பிடி பிடித்தார், காலத்துக்குக் காலம் மாறிவந்த கதையை என்றைக்கும் மாறாத ஒன்றைப்போலப் படிக்கிறார் என்று. இருந்தாலும் இந்த ஒரு கருத்து எனக்குப் பிடிக்கும்.)

செங்காந்தள்:
மனநூல் சார், நன்றாகத்தான் இருக்கிறது. பெற்ற அம்மா வீட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கோபத்தைக் கொட்ட ஒரு ஆள் வேண்டும், அதற்குக் கதையில் ஒரு சித்தி. ஆனால் அந்தச் சித்தி நிஜமாகவே ஒரு வீட்டில் தலை வாரிவிட்டு, டிபன் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தால்? அந்த வீட்டுப் பிள்ளை எந்த அம்மாவைப் பத்திரப்படுத்தும், யார் மேல் கொட்டும்? பெட்டல்ஹைம் அந்தப் பிள்ளையை நினைத்து எழுதினாரா?

கரிசல்வாசகன் அண்ணா, பத்து வருஷம் கழித்துக் கொடு என்கிறீர்கள். பத்து வருஷம் கழித்து எனக்குக் கவலையே இல்லை. இப்போதுதான் கவலை.

டீச்சரம்மா:
அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். நூலகப் பாடவேளையில் இதே கதையைப் படித்துக்காட்டியிருக்கிறேன், சித்தியோடுதான். ஹான்சல் ராத்திரி எழுந்துபோய்க் கூழாங்கல்லைப் பையில் நிரப்பும் இடத்தில் ஒவ்வொருவராக நகர்ந்து முன்னால் வந்துவிட்டார்கள். முடிந்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், அவங்கப்பா வெறகு வெட்டுறவர்தானே? காடு பூரா வழி தெரியும்ல. அவர் ஏன் போய்க் கூட்டிட்டு வரல?"

நான் யோசித்ததே இல்லை. வீட்டுக்குப் போய் மறுபடி படித்தேன். அந்த அப்பா வாயால்தான் வேண்டாம் வேண்டாம் என்கிறார். காய்ந்த மரத்தில் ஒரு கிளையைக் கட்டிவிட்டுப் போவதும் அவரேதான். காற்றில் அது மரத்தில் மோதி மோதி, அப்பா பக்கத்தில்தான் கோடாலி போடுகிறார் என்று பிள்ளைகளை நம்பவைக்கும். எவ்வளவு யோசித்துச் செய்த காரியம்! கடைசியில் அவள் செத்துவிடுகிறாள், இவர் மட்டும் பிள்ளைகளையும் கட்டிக்கொண்டு, அவர்கள் கொண்டுவந்த சூனியக்காரி வீட்டு முத்தையும் ரத்தினத்தையும் வைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறார். ஏழு பதிப்பிலும் அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகள் நாம் நினைக்கிற இடத்தில் தடுக்கி விழுவதில்லை. அதற்காகச் செங்காந்தளின் பயம் பொய் என்று சொல்லமாட்டேன். வகுப்பில் நாற்பது பேர் நடுவில் கேட்பது வேறு, ராத்திரி சித்தி மடியில் படுத்துக் கேட்பது வேறு.

ஏட்டுச்சுரைக்காய்:
டீச்சர், அந்தப் பையனுக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள், காசு நான் தருகிறேன்.

கரிசல் அண்ணே, நல்லதங்காளைக் கொண்டுவந்தது நீங்கள்தான். அதையே எடுத்துக்கொள்வோம். மானாமதுரையில் பஞ்சம், சோறு இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளியலங்காரி கதவைச் சாத்துகிறாள். ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளியது பெற்ற தாய், ஆனால் ஊர் திட்டுவது அண்ணியை. தாய்க்கு வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் கோயில். ஹான்சல் கதையும் பஞ்சத்தில்தான் தொடங்குகிறது, முதல் பத்தியிலேயே ரொட்டி விலை ஏறிவிடும். இரண்டிலும் பிள்ளைகளைச் சாகவிட்டது பசி. பசியைத் திட்ட முடியாததால் வெளியிலிருந்து வந்த ஒருத்தியைத் திட்டுகிறோம்: அங்கே சித்தி, இங்கே அண்ணி. இரண்டு இடத்திலும் வீட்டு ஆண் வசதியாக எங்கோ போயிருக்கிறான், அல்லது பக்கத்தில் நின்று கண்ணைக் கசக்குகிறான்.

கரிசல்வாசகன்:
நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் தம்பி. இவ்வளவையும் உங்களால் பேச முடிவது ஏன்? அண்ணியை யாரும் அழிக்காமல் விட்டதால். மூளியலங்காரிக்குப் பதில் "ஒரு பொல்லாத பொம்பளை" என்று பாடியிருந்தால் இந்த விஷயமே உங்கள் கண்ணில் பட்டிருக்காது. டீச்சர் வகுப்பில் அந்தப் பையன் அப்பாவைக் கேள்வி கேட்டதும் கதை முழுசாக இருந்ததால்தான். அறுத்துக் கொடுத்தால் பிள்ளை எதைக் கேட்கும்?

வழிப்போக்கன்:
2014-இல் ‘மலெஃபிசென்ட்’ படத்தில் தூங்கும் அழகியை எழுப்புவது இளவரசன் முத்தம் இல்லை, சாபம் போட்டவளே கொடுக்கும் முத்தம். என் மகளுக்கு அதுதான் நிஜக் கதை. மற்றதெல்லாம் ஏதோ தப்பாக எழுதியது என்கிறாள். அழிக்காமல் பக்கத்திலேயே இன்னொன்றை வைக்கலாமே?

கரிசல்வாசகன்:
வையுங்கள், தாராளமாக. புதுக்கதைக்குப் புதுப்பெயர் வைத்துச் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழைய பெயரில் விற்காதீர்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
அந்த விதியை 1819-இல் போட்டிருந்தால் கிரிம் புத்தகமே கிடையாது அண்ணே.

செங்காந்தள்:
எல்லோருக்கும் நன்றி. அம்மா, சித்தி என்று நீங்கள் அடித்துக்கொண்டதைவிட டீச்சர் சொன்ன அந்தக் கிளை விஷயம்தான் எனக்குப் பயன்பட்டது. இன்று ராத்திரி ஹான்சல்–கிரெட்டலை அவளுடைய அப்பா படிக்கப்போகிறார். கிளையைக் கட்டும் இடத்தில் வேகமாகத் தாண்டிப் போகக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்பேன்.

கரிசல்வாசகன்:
சபாஷ். சித்தியையும் மாற்றாமல் படிக்கச் சொல்லுங்கள்.

செங்காந்தள்:
அது என் கையில் இல்லை அண்ணா. அவர் இப்போதே "அந்த வார்த்தை வரும் இடத்தில் என்ன செய்யட்டும்?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.